லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் சட்டை ஒட்டிக்கொண்டு வரவில்லை, என்ன செய்வது?

ஸ்காபரோ_சுதா
ஜனவரி 11, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதிது, கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். செல்லப்பிராணிப் பகுதியில் நாய், பூனை, மீன்தான் தெரிகிறது. பல்லிக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

என் மகனுக்குப் பத்து வயது. போன வருடம் நச்சரித்து நச்சரித்து ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கிக்கொண்டான். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கடுகு தாளித்த மாதிரி இருக்கிறது என்று "சுண்டல்" என்றே பெயர் வைத்துவிட்டான். இப்போது வயது பதினான்கு மாதம் இருக்கும், எடை 46 கிராம்.

இதுவரை சட்டை உரித்ததைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே இல்லை. ராத்திரி வெளுத்துப்போய் பேய் மாதிரி உட்கார்ந்திருக்கும், காலையில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். உரித்த தோலையும் அதுவே தின்றுவிடும். இந்த முறை மூன்று நாள் ஆகிவிட்டது. முன்னங்கால் இரண்டிலும் விரல்களில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வால் நுனியிலும் கொஞ்சம், உச்சந்தலையில் ஒரு துண்டு. நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது மகன் புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்துப் பார்த்திருக்கிறான். ஒரு விரலில் லேசாக ரத்தம். அவனும் அழுது, நானும் கத்தி, வீடே ரணகளம்.

தொட்டி 20 கேலன். கீழே பேப்பர் டவல். ஒரு பக்கம் சூடு தரும் ஹீட் மேட். ஈரப்பதம் காட்டும் முள் 45 என்று காட்டுகிறது, அது போதும் என்றுதான் கடையில் சொன்னார்கள். பாசி போட்ட குகையும் ஒன்று இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?


மரப்பல்லி77
ஜனவரி 11, இரவு 10.15

தங்கச்சி, முதலில் அந்த இடுக்கியை ஒளித்து வையுங்கள். காய்ந்த தோலை இழுத்தால் அதற்கு அடியில் இருக்கும் புதுத் தோலும் சேர்ந்து கிழியும். அதுதான் ரத்தம் வந்தது. பையனைத் திட்டாதீர்கள், முதல் கெக்கோ வைத்திருந்தபோது நானும் அதையேதான் செய்தேன்.

தலையில் இருக்கும் துண்டை விட்டுவிடுங்கள், அது அவசரமில்லை. அவசரம் விரல்களும் வால் நுனியும்தான். விரலைச் சுற்றி நிற்கும் பழைய தோல் காயக் காயச் சுருங்கும். வீங்கிய கால்விரலில் மெட்டி இறுகிக்கொண்டால் எப்படி இருக்கும், அதே கதை. ரத்த ஓட்டம் குறைந்து, நுனி கறுத்து, கடைசியில் விரலே உதிர்ந்துவிடும். லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பவர்களிடம் விரல் குறைந்த பல்லிகள் நிறைய இருப்பதற்குக் காரணம் சண்டையோ விபத்தோ இல்லை, பெரும்பாலும் இந்த மெட்டிதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். அடியில் பேப்பர் டவலை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். உயரம் பல்லியின் வயிற்றைத் தொட்டால் போதும், நீந்தவிடும் அளவுக்கு வேண்டாம். சூடு 30 டிகிரி செல்சியஸ் சுற்றி. குழந்தையைக் குளிப்பாட்ட முழங்கையால் தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு இதற்கு அதிகம். கைக்குச் சூடாகவே தெரியக் கூடாது, கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தால்தான் சரி. பதினைந்து இருபது நிமிடம் உள்ளே விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். தண்ணீர் ஆறிவிட்டால் மாற்றுங்கள்.

அப்புறம் வெளியே எடுத்து, நனைத்த காட்டன் பட்ஸால் விரலின் அடியிலிருந்து நகத்தை நோக்கி மெல்ல உருட்டுங்கள். இழுப்பது இல்லை, உருட்டுவது. தோல் ஊறியிருந்தால் காலுறை மாதிரி கழன்று வரும். வரவில்லையா, விட்டுவிட்டு நாளைக்கு மறுபடி. ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். வாலைப் பிடிக்காதீர்கள், பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும்.

டப்பாவை அதற்கென்றே தனியாக வையுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். பையன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்விகள்: அந்தப் பாசிக் குகை எந்தப் பக்கம் இருக்கிறது? ஹீட் மேட்டுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உண்டா? விரலைக் கிட்டத்தில் எடுத்த படம் போட முடியுமா?


வேலூர்_விசு
ஜனவரி 12, காலை 6.20

இதற்குப் போய் இவ்வளவு கஷ்டமா? ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எங்கள் வீட்டு நாய்க்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.


மரப்பல்லி77
ஜனவரி 12, காலை 7.05

விசு, நாய்க்குச் சரி. பல்லியின் பழைய தோல் இளக வேண்டுமானால் அதற்குள் தண்ணீர் ஊற வேண்டும். எண்ணெய் பூசினால் அந்தத் தண்ணீர் உள்ளே போவதையும் தடுத்துவிடும். எண்ணெய் உடம்போடு திரியும் பல்லி மேல் தொட்டியில் இருக்கும் தூசு, கழிவு எல்லாம் ஒட்டும். அது தன்னைத் தானே நக்கவும் செய்யும். ரெண்டு சொட்டில் செத்துவிடாது, ஆனால் வேண்டாத வேலை.


லண்டன்_ராஜன்
ஜனவரி 12, மதியம் 1.30

நான் கிரெஸ்டட் கெக்கோ இரண்டு வைத்திருக்கிறேன், ஆறு வருடமாக. என் அனுபவத்தில் இது முழுக்க முழுக்க ஈரப்பதப் பிரச்சினை. தொட்டி முழுவதும் காலை, மாலை, ராத்திரி என்று மூன்று வேளை தண்ணீர் தெளியுங்கள். நான் ராத்திரி நன்றாகத் தெளித்து 80 வரை ஏற்றுவேன், பகலில் தானாக இறங்கும். என்னுடையவற்றுக்குச் சட்டை ஒருநாளும் ஒட்டியதில்லை.


மரப்பல்லி77
ஜனவரி 12, மதியம் 2.10

ராஜன், கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இது ஆளையே மாற்றி மருந்து கொடுப்பது. உங்கள் கிரெஸ்டட் நியூ கலிடோனியாத் தீவின் மழைக்காட்டுப் பிறவி, மரத்தில் ஏறும், இலையில் நிற்கும் தண்ணீரை நக்கிக் குடிக்கும். சுண்டலின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துப் பாறையும் வறண்ட புல்வெளியும். அந்தத் தொட்டியை மூன்று வேளை நனைத்து ஈரத்திலேயே வைத்தால் வயிற்றுத் தோலில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும்.


லண்டன்_ராஜன்
ஜனவரி 12, மாலை 5.45

வறண்ட நிலத்துப் பிராணி என்றால் சட்டை உரிக்க ஈரமே வேண்டாம் என்றல்லவா ஆகிறது? பிறகு ஏன் ஈரக் குகை வைக்கச் சொல்கிறீர்கள்? ஒன்று ஈரம் வேண்டும், இல்லை வேண்டாம்.


மரப்பல்லி77
ஜனவரி 12, மாலை 6.20

நல்ல கேள்வி. அது பகல் முழுவதும் வெயிலில் நிற்பதில்லை ராஜன். பாறை இடுக்கிலும் வளைக்குள்ளும் படுத்திருக்கும், பொழுது சாய்ந்துதான் வெளியே வரும். மேலே மண் புழுதி பறந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். நம் ஊரில் சித்திரை வெயிலில் நண்டு வளையைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடு காய்ந்திருக்கலாம், படுக்கையறை ஒன்று ஈரமாக இருக்க வேண்டும். எப்போது எங்கே இருப்பது என்பதை அது தீர்மானித்துக்கொள்ளும்.


கால்நடை_கவி
ஜனவரி 13, காலை 4.50

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன், கால்நடை மருத்துவர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே லெப்பர்ட் கெக்கோவை வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது, ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வன எதையும் தனியார் வைத்திருக்க முடியாது. என்னிடம் வருவன தாடி டிராகன் என்ற பல்லிகளும் உள்நாட்டுக் கெக்கோக்களும்தான். ஆனால் சட்டை உரிக்கும் சூட்சுமம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுதாக வளர்ந்து முடிந்த பிறகு, இரண்டுக்கும் நடுவில் நிணநீர் கசியும், நொதிகளும் வேலை செய்யும். அதுதான் இரண்டையும் பிரிக்கும். சட்டை உரிக்கும் முன் உடம்பு வெளுத்துத் தெரிவது இதனால்தான். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலோ சுற்றியிருக்கும் காற்று மிகவும் காய்ந்திருந்தாலோ, தோல் பிரிந்து முடிவதற்குள் காய்ந்து ஒட்டிவிடும். உடம்பின் பெரிய பரப்பில் அது எப்படியாவது கிழிந்து வந்துவிடும். விரல், வால் நுனி, கண் இமை, இந்தச் சின்ன இடங்களில்தான் மாட்டும். மரப்பல்லி சொன்ன மெட்டி உவமையை இனி நான் என் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்லப் போகிறேன்.

ராஜனுக்கும் மரப்பல்லிக்கும்: தொட்டியின் பொது ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் லெப்பர்ட் கெக்கோவுக்குப் போதும். குகைக்குள் மட்டும் 70, 80. மற்றபடி, ராஜன், உங்கள் கிரெஸ்டட்டுக்கு நீங்கள் செய்வது சரியே.

சுதா, உங்கள் கெக்கோவுக்குக் கண் இமை உண்டு, பெரும்பாலான கெக்கோக்களுக்குக் கிடையாது. இமைக்குள் தோல் துண்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடியே வைத்திருந்தால், தேய்த்துக்கொண்டே இருந்தால் மாட்டியிருக்கக்கூடும். அதை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். விரல் வீங்கியிருந்தாலோ கறுத்திருந்தாலோ மோதிரம் போட்ட இடம் மாதிரிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஊறவைத்துக் காலத்தைக் கடத்தாமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். சாப்பாட்டை நிறுத்தினாலோ வால் மெலிந்தாலோ அதுவும் அப்படியே. வால்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு.


ஸ்காபரோ_சுதா
ஜனவரி 13, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் ஊறவைத்தோம். தலையில் இருந்ததும் வால் நுனியும் வந்துவிட்டன. இடது கையில் எல்லா விரலும் சுத்தம். தோல் நிஜமாகவே காலுறை மாதிரிதான் வந்தது, விரல் வடிவத்திலேயே! மகன் அதை ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறான், நான் எதுவும் சொல்லவில்லை.

வலது கையில் நடுவிரல் மட்டும் வரவில்லை. நுனி கொஞ்சம் கறுப்பாக இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. கண் இரண்டும் நன்றாகத் திறக்கிறது.

மரப்பல்லி அண்ணா கேட்டதற்கு: பாசிக் குகை ஹீட் மேட்டின் நேர் மேலே இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லை. மேட்டைச் சொருகினால் போதும், அதுவே அளவாகச் சூடாகும் என்றார்கள். பாசியை வாரம் ஒரு முறை நனைப்போம்.


குளிர்காலவாசி
ஜனவரி 13, இரவு 11.10

பல்லி வளர்த்ததில்லை, கனடாவின் எட்மன்டனில் கட்டடங்களுக்குச் சூடேற்றும் கருவி போடுவது என் தொழில். ஆனால் 45 என்ற எண்ணை நம்ப முடியவில்லை.

வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும்போது ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் இரண்டு கிராம் சொச்சம்தான் நீராவி இருக்க முடியும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 19 கிராம் வரை தாங்கும். ஆனால் உள்ளே இருப்பதோ அதே இரண்டு கிராம். கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு சதவீதம். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அந்த அறைக்குள் இருக்கும் தொட்டியில், அதற்குள்ளும் சூடேற்றினால், 45 எங்கிருந்து வரும்? உதடு வெடிக்கிறதா, கதவுப் பிடியைத் தொட்டால் சுர்ரென்று மின்சாரம் அடிக்கிறதா? அப்படியானால் உங்கள் பல்லியும் அதே காற்றில்தான் இருக்கிறது.

முள் வைத்த வட்ட மானிகள் பெரும்பாலும் அலங்காரம். சோதித்துப் பாருங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரிக் குழைக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி எத்தனை காட்டுகிறது என்று பார்த்தால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.


மரப்பல்லி77
ஜனவரி 14, காலை 6.40

அருமை ஐயா. பதினைந்து வருடமாகப் பல்லி வளர்க்கிறேன், இந்த உப்பு வித்தை எனக்குத் தெரியாது.

சுதா, விஷயம் இப்போது பிடிபட்டுவிட்டது. ஹீட் மேட்டின் மேல் வைத்த பாசி ஒரே நாளில் காய்ந்து வைக்கோல் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் ஈரக் குகை, ஆறு நாள் அடுப்பு. மேட்டுக்கு உடனே தெர்மோஸ்டாட் வாங்குங்கள், அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், வயிறு வெந்த கெக்கோக்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உணர்முனையை மேட்டின் மேல் பொருத்தி, பல்லி படுக்கும் தரை 32, 33 டிகிரியில் நிற்கும்படி வையுங்கள். குளிர்ந்த பக்கம் 24, 25. ஈரக் குகையை நடுவில், பாதி சூட்டிலும் பாதி வெளியிலும் இருக்கும்படி நகர்த்துங்கள். பாசியைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. தினமும் விரல் வைத்துப் பாருங்கள்.

நடுவிரல் கறுப்பாகத் தெரிகிறது என்றால் நீங்கள் சொல்வதைத்தான் நான் நம்புவேன், அவர் சொல்வதை அல்ல. மருத்துவரிடம் போங்கள்.


மதுரை_மணி
ஜனவரி 14, மதியம் 12.15

இடையில் ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு வீட்டுப் பல்லி, தலையில் முக்காடு போட்ட மாதிரித் தோல் தொங்கிக்கொண்டு இரண்டு நாளாகத் திரிகிறது. பிடித்து ஊறவைக்கட்டுமா? அம்மா, அது மேலே விழுந்தால் பலன் பார்க்க வேண்டும், தொடாதே என்கிறார்.


கால்நடை_கவி
ஜனவரி 14, மதியம் 2.00

அம்மா பேச்சைக் கேளுங்கள் மணி, காரணம் வேறாக இருந்தாலும். அது பார்த்துக்கொள்ளும். சுவரில் உரசி உரசி, வாயால் இழுத்து உரித்துவிடும். நீங்கள் பிடிக்கப் போனால் வால்தான் மிஞ்சும். அதுவே குளியலறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது பாருங்கள், இருக்கும் இடங்களில் அதுதான் ஈரமான இடம்.


ஸ்காபரோ_சுதா
ஜனவரி 17, இரவு 10.05

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உப்புச் சோதனை. முள் மானி தொட்டிக்குள் 45. ஜிப் பைக்குள் போட்டு விடிய விடிய வைத்தேன், அங்கேயும் 45. மகன் அதை எடுத்து மேசையில் தட்டினான், அப்போதும் 45. புதிதாக ஒரு டிஜிட்டல் மானி வாங்கினேன், அது பைக்குள் 73 காட்டியது. தொட்டிக்குள் வைத்தால் 19. ஒரு வருடமாக அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மேட்டின் மேல் குகைத் தரை 39 டிகிரி. இதை எழுதவே கை கூசுகிறது.

நேற்று மருத்துவரிடம் கொண்டு போனோம். ஊர்வன பார்ப்பவர் ஸ்காபரோவில் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. வெளியே குளிர், அதனால் டப்பாவைத் துண்டில் சுற்றி, மகன் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். அவர் பெரிய பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாங்கள் இந்த முறை வராத தோல் என்று நினைத்தோமே, அது ஒரு முறைத் தோல் இல்லையாம். நடுவிரலில் மூன்று அடுக்கு. அதாவது போன மாதமும், அதற்கு முந்தைய மாதமும் கழன்றிருக்க வேண்டியவை ஒன்றன் மேல் ஒன்றாக இறுகியிருந்தன. பளபளவென்று இருக்கிறது என்று காலையில் பார்த்துவிட்டுப் போனோமே, யாரும் விரலைப் பார்க்கவில்லை. அவர் ஏதோ கரைசலில் ஊறவைத்து, மெல்லிய கருவியால் அடுக்கடுக்காக எடுத்தார். உள்ளே கோடு போட்ட மாதிரிப் பள்ளம். நகம் இருக்கும் நுனி செத்துவிட்டது, அதை வெட்ட வேண்டாம், காய்ந்து தானாக விழும், மேலே பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பொவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குக் கரைத்துத் தினம் ஒரு முறை நனைக்கச் சொல்லி, ஒரு களிம்பும் கொடுத்தார். கடையில் விற்கும், வலியை மரக்கச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளை மட்டும் பல்லிக்குப் போடவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நாங்கள் கொடுப்பது மீல்வார்ம் புழு மட்டும், மேலே கால்சியம் பொடி. வைட்டமின் ஏதும் இல்லை. இங்கேதான் அவர் முகம் மாறியது. கவி, இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? அவர் சொன்னபோது பாதிதான் காதில் விழுந்தது, மகன் அழுதுகொண்டிருந்தான்.


கால்நடை_கவி
ஜனவரி 18, காலை 3.40

நல்ல வேளை போனீர்கள். நீங்கள் பார்க்காமல் விட்டதை நினைத்து மனம் வருந்த வேண்டாம், அரிசி அளவு விரலில் ஒட்டிய மெல்லிய தோல் சாதாரணக் கண்ணுக்குத் தெரிவது கடினம்.

வைட்டமின் ஏ பற்றித்தான் சொல்லியிருப்பார். தோல் ஒழுங்காக வளர, கண்ணும் வாயும் ஈரமாக இருக்க அது தேவை. வளர்ப்புப் பூச்சிகளில் அது மிகக் குறைவு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூச்சி தின்னும் கெக்கோக்கள் எந்த அளவுக்கு மாற்றும் என்பதை நம்பி இருக்க முடியாது. ஆகவே ரெட்டினால் (மாற்ற வேண்டாத, நேரடி வைட்டமின் ஏ) என்று சீட்டில் போட்டிருக்கும், ஊர்வனவற்றுக்கான மல்டிவைட்டமின் பொடியை வாரம் ஒரு முறையோ, உங்கள் மருத்துவர் சொன்ன அளவிலோ கொடுங்கள். ஆனால் குறைவு கெடுதல் என்று கூட்டிக் கொட்டிவிடாதீர்கள். வைட்டமின் ஏ மிஞ்சினால் அதுவே தோலை உரித்துப் புண்ணாக்கும். சொந்தமாக மீன் எண்ணெய் மாத்திரை உடைத்து ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். பொடி டப்பாவைத் திறந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள், வைட்டமின் வீரியம் இழந்துவிடும்.

மீல்வார்மை நிறுத்த வேண்டாம், கூடச் சுவர்க்கோழியும் கருப்பு ஈ லார்வாவும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சிக்கு முதல் நாள் கீரையும் பூசணியும் போட்டு வயிற்றை நிரப்புங்கள். பூச்சி தின்றதைத்தான் பல்லி தின்கிறது.


வேலூர்_விசு
ஜனவரி 18, காலை 7.15

எண்ணெய் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சுண்டல் நலம் பெறட்டும். பையனிடம் சொல்லுங்கள், ஒரு நகம் போனால் ஒன்றும் ஆகாது, எனக்கே ஒரு கால் நகம் இல்லை.


லண்டன்_ராஜன்
ஜனவரி 18, மதியம் 3.20

சுதாவின் பதிவைப் படித்துவிட்டு என்னுடைய இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பின்னங்காலில் சுண்டுவிரலில் வெள்ளையாக ஒரு வளையம்! "ஒருநாளும் ஒட்டியதில்லை" என்று எழுதியவன் நான்தான். ஊறவைத்து எடுத்துவிட்டேன், கறுக்கவில்லை. 80 ஈரப்பதத்திலும் ஒட்டுகிறது என்றால் என்ன காரணம்?


மரப்பல்லி77
ஜனவரி 18, மாலை 4.00

ஒப்புக்கொண்டதற்கு ஒரு சலாம். உங்கள் தொட்டியில் உரசிக்கொள்ளச் சொரசொரப்பான மரக்கிளை இருக்கிறதா, எல்லாம் வழவழப்பான பிளாஸ்டிக் செடியா? தோலை முதலில் கிழிக்க அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். சுதா, உங்களுக்கும்தான். ஈரக் குகைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லோ மரப்பட்டையோ வையுங்கள்.


லண்டன்_ராஜன்
ஜனவரி 18, மாலை 4.25

எல்லாம் பிளாஸ்டிக். அழகாக இருக்கிறது என்று வாங்கியது.


ஸ்காபரோ_சுதா
பிப்ரவரி 9, இரவு 9.15

நுனி போன வாரம் விழுந்துவிட்டது. ரத்தமே இல்லை, தொட்டியில் காய்ந்த மிளகு மாதிரிக் கிடந்தது. மீதி விரல் நல்ல நிறத்தில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் போட்டாயிற்று, தரை 33. குகை நடுவில், உள்ளே 76. தொட்டியின் பொது ஈரப்பதம் மட்டும் 24க்கு மேல் ஏற மறுக்கிறது. அறைக்கு ஈரப்பதமூட்டி வாங்கட்டுமா? ஜன்னல் ஓரமெல்லாம் தண்ணீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும் என்று அவர் பயப்படுகிறார்.


குளிர்காலவாசி
ஜனவரிக் குளிரை விட மோசமான பிப்ரவரி 9, இரவு 10.30

அவர் பயம் நியாயம். வெளியே கடுங்குளிராக இருக்கும்போது அறையை 40க்கு ஏற்றினால் கண்ணாடியில் வழியும். 30 போதும். தொட்டியின் கம்பி வலை மூடியில் பாதியை மூடிப் பாருங்கள், மேலே விளக்கு இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள். செலவில்லாமல் ஐந்தாறு ஏறும்.


கால்நடை_கவி
பிப்ரவரி 10, காலை 5.10

குகைக்குள் 76 இருக்கும்வரை வெளியே 30 என்பது எனக்குக் கவலை தரவில்லை. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில்… இல்லை, சமையலறைத் தராசு வேண்டாம், தனியாக ஒன்றில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை நிலையாக இருந்து, ஈரமும் சூடும் சரியாக இருந்தும் சட்டை ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் ஒட்டுண்ணி, வேறு நோய் என்று தேட வேண்டும். எடை குறைந்தால் அதற்காகக் காத்திருக்காமலே கழிவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.


மதுரை_மணி
பிப்ரவரி 10, காலை 9.00

என் முக்காட்டுப் பல்லி மறுநாளே முக்காட்டைக் கழற்றிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன். இப்போது டியூப்லைட் பக்கம் ஜோராகப் பூச்சி பிடிக்கிறது.


ஸ்காபரோ_சுதா
மார்ச் 2, காலை 7.50

நேற்றுக் காலையில் வெளுக்க ஆரம்பித்தது. குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரவேயில்லை. முன்பெல்லாம் அந்தக் குகையை அது சீந்தவே சீந்தாது, இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன், அடுப்புக்குள் யார் போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மரப்பட்டையில் மூக்கைத் தேய்ப்பதைப் பார்த்தோம். மூக்கிலிருந்து கிழிந்து, சட்டையைத் தலைகீழாகக் கழற்றுகிற மாதிரிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. கால் விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து இழுத்தது. ஊரில் பாம்பு செட்டை கழட்டும் என்று ஆச்சி சொல்வார், வேலியில் தொங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன், கழட்டுவதை இந்த வயதில்தான் பார்த்தேன். முழுதாக முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

மகன் நாளைக்குப் பள்ளிக்கூடம் என்பதையும் மறந்து டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, காலுக்கு ஐந்தாக எண்ணினான். பின்னங்கால் ஒன்றில் மட்டும் ஒரு சின்ன வளையம், ஊறவைத்தோம், பட்ஸை உருட்டியவுடன் வந்துவிட்டது. இடுக்கியை அவனே குப்பையில் போட்டுவிட்டான், எனக்குப் புருவத்துக்கு வேறு வாங்க வேண்டும்.

ஒரு நோட்டு போட்டிருக்கிறான். தேதி, எடை, ஈரப்பதம், விரல் என்று நான்கு பத்தி. நேற்றைய கணக்கு: எடை 49 கிராம், குகை 78, விரல் "பத்தொன்பதரை, எல்லாம் சுத்தம்".